ராத்திரியில் படம் விழும்

தம்பி,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. "சுகர் வேற, மூட்டு வலி வேற. இந்த வயசுல பாலைவனத்துக்குப் போயி ராத்திரியெல்லாம் போட்டோ புடிக்கக் கத்துக்கினு இருக்கேன்னு சொல்றியே, உனக்கு இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டாய். உன் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அப்பா போன கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்கும் புத்தி பிசகிவிட்டதோ என்ற பயம். புத்தி சரியாகத்தான் இருக்கிறது. மாத்திரையும் வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறேன். நான் ஏன் இங்கே வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் உங்கப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது. நீ நடுவில் பேசுவாய், நான் நிறுத்திவிடுவேன். எழுதினால் நீ கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜெய்சால்மரிலிருந்து ஜீப்பில் வெகுதூரம் வந்தால் ஒரு சின்ன கிராமம். அதையும் தாண்டி மணல்மேடுகளின் அடியில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். குழுவில் நான்தான் மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் உன் வயது, உன்னைவிடச் சின்னவர்கள். சொல்லிக்கொடுக்கிற பெண்ணின் பெயர் ரேணு. மராத்திப் பெண். எனக்கு இந்தி வராது, அவளுக்குத் தமிழ் வராது. என்னுடைய ஆஸ்பத்திரி இங்கிலீஷை வைத்துச் சமாளிக்கிறோம். ராத்திரி விழித்திருக்க வேண்டும் என்பதால் பகலில் எல்லாரும் தூங்குகிறார்கள். எனக்குப் பகல் தூக்கம் வராது என்று உனக்குத் தெரியும். அதனால் கூடாரத்து நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காற்று அடிக்கும்போதெல்லாம் தாளில் மணல் வந்து விழுகிறது. தட்டிவிட்டு எழுத வேண்டியிருக்கிறது.

உங்கப்பாவைத் தூக்கின அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும் என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். பீரோவைக் குடைந்தோம், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். ஒரு படம்கூட இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். அதில் அவர் முகம் அவர் முகம் மாதிரியே இல்லை. நீ அதைப் பார்த்துவிட்டு எல்லார் எதிரிலும் சொன்னாய்: "ஸ்டூடியோ வெச்சிருந்தாருன்னு சொல்லிக்கிறதுக்கே வெக்கமா இருக்குது. தொழில் தெரிஞ்சிருந்தா இப்பிடி ஒரு வூட்ல ஒரு போட்டோ இல்லாம இருக்குமா?" நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது உன் வருத்தம். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், உனக்கு இதைச் சொல்லாமல் நானும் போய்விடக் கூடாது என்று.

அவருக்குத் தொழில் தெரியாது என்று நீ நினைக்க ஆரம்பித்த நாள்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. சின்னப் பையனாக இருந்தாய். அந்த வருஷம் பொழுது சாய்ந்ததும் மேற்கே வால் நட்சத்திரம் தெரிந்தது. ஊரே மொட்டைமாடியில் நின்று பார்த்தது. நீ அவர் கையைப் பிடித்து இழுத்து, "அத்த போட்டோ எடுத்துக் குடுப்பா, ஸ்கூலுக்கு எட்துனு போவணும்" என்றாய். அவர் வானத்தைப் பார்க்காமலே, "ராத்திரில படம் விழாதுடா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். நீ அதை அப்படியே பள்ளிக்கூடத்தில் சொன்னாய். வாத்தியார் சிரித்தாராம், பிள்ளைகளும் சிரித்தார்களாம். பையைத் தூக்கி எறிந்துவிட்டு நீ அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அவர் உன் தட்டின் எதிரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

தம்பி, உங்கப்பாவுக்கு ராத்திரியில் படம் எடுக்கத் தெரியும். நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

எனக்கு அப்போது வெள்ளிமலையில் நர்ஸ் வேலை. துணை சுகாதார நிலையத்தோடு ஒட்டின ஓட்டு வீடு. அவருக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூடியோ. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் மலை ஏறி வருவார், திங்கட்கிழமை விடியலில் இறங்கிப் போவார். மலையில் அப்போது கரண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். வீட்டுக்குப் பின்னால் ஒரு அகலமான பாறை. சாப்பிட்டதும் அதில் போய் மல்லாந்து படுத்துக்கொள்வார். ஒருநாள் கேமராவைக் கொண்டுவந்து, பாறையில் கூழாங்கல்லை முட்டுக்கொடுத்து வானத்தைப் பார்க்க வைத்தார். ஷட்டரைத் திறந்தால் நாம் விடுகிற வரைக்கும் மூடாது, அப்படி ஒரு வசதி அதில் இருந்தது. அதைத் திறந்துவிட்டு, கை அசையாமல், வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நிற்பார். கழுவிப் பார்த்தால் கருப்புத் தாளில் யாரோ நகத்தால் கீறின மாதிரி கோடு கோடாக இருக்கும். "ஜாஸ்தி நேரம் தொறந்துட்டேன்" என்பார். அடுத்த வாரம் நேரத்தைக் கம்மி பண்ணுவார், ஒன்றுமே விழாது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது, பார்த்துப் படிக்கப் புத்தகம் கிடையாது. ரோல் ரோலாக வீணாக்கித்தான் கற்றுக்கொண்டார். நானும் திட்டுவேன். "கல்யாணப் படத்துக்கு வாங்கின ரோலை வானத்துக்குக் காட்டிக்கினு இருக்கீங்களே" என்பேன்.

ராஜஸ்தான் எல்லையில் வேலை பார்த்த பட்டாளத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது படம் எடுத்துக்கொள்ள ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறார். "அங்க வானம் தலையில இடிக்கும் சார். மணல்ல படுத்தா நட்சத்திரம் மேல வந்து வுழுற மாதிரி இருக்கும்" என்று அவர் சொன்னதை உங்கப்பா என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ. "பையன் நடக்க ஆரம்பிக்கட்டும். நாம மூணு பேரும் ஒருவாட்டி போயி வரலாம்" என்பார். நீ அப்போது என் மடியில் கைக்குழந்தை.

அந்த வருஷம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. நம் சனத்துக்குத் தனியாக ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் அப்போது பத்தாவது தாண்டுவதே பெரிய விஷயம். ஆபீஸ் நாற்காலியில் நம் ஆட்கள் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பிற்பாடு நீ இன்ஜினியரிங் சீட்டு வாங்கினாயே, அது அந்தப் போராட்டத்தால் கிடைத்த ஒதுக்கீட்டில்தான். அதை நீயும் மறக்கக் கூடாது, நானும் மறுக்க மாட்டேன். ஒரு வாரம் ரோட்டை மறிப்பது என்று முடிவு செய்தார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் அறுத்துக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. போலீஸ் சுட்டதில் அங்கே செத்தார்கள் இங்கே செத்தார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. நான் மலையில், உன்னை வைத்துக்கொண்டு தனியாக. அவர் கள்ளக்குறிச்சியில்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கேமராப் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டார். மரம் கிடக்கிற இடத்தில் எல்லாம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார். கச்சிராயபாளையம் போகிற வழியில்தான் அவர் அம்மா பிறந்த ஊர். ஊர் பெயரை நான் எழுதவில்லை, உனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பனை இழந்த உங்கப்பா, அங்கே மாமன் வீட்டில்தான் வளர்ந்தார். மாமன் மகன் ஏழுமலையும் அவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அன்று ஊர் எல்லையில் பெரிய புளியமரம் ஒன்றைச் சாய்த்துப் போட்டு ஏழுமலையும் இன்னும் சில பேரும் அதன்மேல் ஏறி நின்றிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் ஒரே கூச்சல். "மச்சான், நல்ல நேரத்துக்கு வந்த. எங்க எல்லாரையும் ஒரு போட்டோ புடி. நாளைக்கி எங்க பசங்களுக்குக் காட்டணும்." அரிவாளையும் ரம்பத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெற்றி பெற்ற கபடி டீம் மாதிரி நின்றார்களாம். உங்கப்பா எடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழுமலை நடுவிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு உங்கப்பா கிளம்பும்போது நன்றாக இருட்டி, ஊர் அடங்கிவிட்டது.

ஊரைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் காலனி. அங்கே கூரைகள் எரிந்துகொண்டிருந்தன.

ஏன் தீ வைத்தார்கள் என்று இன்றைக்கும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். மறியலுக்கு வரவில்லை என்பார்கள், மரத்தை நகர்த்தினார்கள் என்பார்கள், யாரோ ஏதோ பேசிவிட்டான் என்பார்கள். எந்தக் காரணம் சொன்னாலும் எரிந்தது ஓலைக்கூரையும் உள்ளே இருந்ததும்தான். உங்கப்பா ரோட்டில் நின்றார். எதிரே நெருப்பு, அதன் முன்னால் ஆட்கள். அவருக்குத் தெரிந்த வித்தை அவர் கையில் இருந்தது. மைல் கல்லின் மேல் கேமராவை வைத்து, ஷட்டரைத் திறந்து, மலைப்பாறையில் நின்று எண்ணுகிற மாதிரியே எண்ணினார். எண்ணி முடிக்கிற வரைக்கும் அசையவில்லை. மூடின பிறகுதான் ஓடினார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் வெள்ளிமலைக்கு வந்து சேர்ந்தார். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துப் போயிருந்தது. மருந்து போட்டுக் கட்டினேன். எரிகிற கூரையைக் கையால் பிய்த்திருக்கிறார். உள்ளே ஒரு கிழவர் இருந்தாராம். அவரைத் தூக்கி வெளியே போட்டபோது உயிர் இருந்ததாம், கொஞ்ச நேரத்தில் போய்விட்டதாம்.

"உங்களால முடிஞ்சத செஞ்சீங்க" என்றேன். எல்லார் வீட்டிலும் எல்லாருக்கும் நான் சொல்லிப் பழகின வார்த்தை அது.

"இல்லம்மே" என்றார். "மொதல்ல படம் எடுத்தேன். அப்புறந்தான் ஓடனேன்."

உன்னைத் தூக்கி அவர் பக்கத்தில் படுக்க வைத்தேன். கட்டுப் போட்ட கையால் உன்னைத் தொட முடியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரோடு திறந்ததும் மூன்று பேருமாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். அவர் கையால் முடியாது என்பதால் இருட்டறையில் நானும் கூட நின்றேன். அவர் சொல்லச்சொல்ல ரோலைக் கழுவினேன். முடிந்ததும் கதவைத் திறந்து, ஈரத்தோடு தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தோம். ரோலின் முதலில் முந்தின வாரம் மலையில் எடுத்த வானம். அந்தத் தடவை நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தன. அதைப் பார்க்கிற மனசு இரண்டு பேருக்கும் இல்லை. அடுத்து மரத்தின் மேல் நின்றவர்கள். அதற்கடுத்து அந்தப் படம். நெகட்டிவில் எல்லாம் மாறித் தெரியும். நெருப்பு கருப்பாக இருந்தது, இருட்டு வெளுப்பாக இருந்தது. நெருப்புக்கு முன்னால் கைகட்டி நின்றவர்களில் எங்கள் பக்கம் முகம் திருப்பி இருந்த ஒருவனை நானே அடையாளம் சொன்னேன். ஏழுமலை.

அன்று சாயங்காலமே ஏழுமலை வந்துவிட்டார். அவருக்கு நெருப்புப் படத்தைப் பற்றித் தெரியாது. மரத்து மேல் நின்ற படத்துக்குத்தான் பயந்துகொண்டு வந்தார்.

"மச்சான், போலீஸ் ஒவ்வொரு ஸ்டூடியோவா வந்துகினு இருக்கறான். ஆசையில எடுத்துக்கினோம். குடுத்துடாத மச்சான்."

"ஏழுமல, காலனில நீ இருந்தியா?" என்று உங்கப்பா கேட்டார்.

"நான் வெக்கல, மச்சான். ஆத்தா மேல சத்தியமா நான் வெக்கல. சும்மா பாத்துக்கினுதான் நின்னேன்."

அவர் போன பிறகு நான் சொன்னேன், நெகட்டிவை வெட்டி இரண்டாக்கலாம், மரத்துப் படத்தைக் கொளுத்திவிடுங்கள், நெருப்புப் படத்தைப் போலீஸில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று. நான் நியாயத்துக்காக மட்டும் சொன்னேன் என்று நினைக்காதே. எதையாவது கொடுத்துவிட்டால் போலீஸ் நம்மை விட்டுவிடும், கைக்குழந்தைக்காரி எனக்கு அதுதான் பெரிசு. அவர் ரோலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டுலயும் அவன்தான் இருக்கறான். அவங்கம்மா எனக்கு ஊட்டுன கை இன்னும் உசுரோட இருக்குதும்மே" என்றார். பின்கட்டில் இருந்த மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்தார். ரோலை முழுசாக அப்படியே போட்டார். அது சுருண்டு, உருகி, சொட்டியது. அந்த நாற்றம் ஸ்டூடியோவில் நெடுநாள் இருந்தது.

மறுநாள் போலீஸ் வந்து எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்து, எங்கள் கல்யாணப் படம் வரைக்கும் அள்ளிக்கொண்டது. தேடின படம் கிடைக்காததால் அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அதற்கு மறுநாள் அனுப்பினார்கள். என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதுவரைக்கும்கூட அவர் அவராகத்தான் இருந்தார். அடுத்து வந்ததுதான் அவரை முடித்தது.

அஞ்சலை என்று ஒரு பெண் வந்தாள். செத்துப்போன கிழவரின் மருமகள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. படிக்கு வெளியிலேயே நின்றாள். நான் உள்ளே திரைக்குப் பின்னால் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"சார், அன்னிக்கி நீங்க மைல் கல்லாண்ட நின்னுக்கினு இருந்தீங்களே. நீங்கதான் எங்க மாமனார வெளிய தூக்கினு வந்தீங்க. எங்காளுங்க சொல்றாங்க, நீங்க போட்டோ புடிச்சீங்கன்னு. அந்தப் படம் இருந்தா கேஸுக்கு ஆவும்னு வக்கீல் சொன்னாரு."

உங்கப்பா மேசையில் கிடந்த துணியை எடுத்துக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். கட்டுப் போட்ட கையால் துடைக்க முடியவில்லை.

"ராத்திரில படம் விழாதும்மா" என்றார்.

"விழாதுங்களா?"

"விழாது."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, "சரிங்க சார். கைய பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு படம் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கை சரியில்லை என்பார். ஸ்டூடியோவை மூடினார். சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி எடைபோடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலைக்குப் போனார். ஏழுமலை அறுப்பு முடிந்ததும் ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். அது அப்படியே கிடந்து, மழையில் நனைந்து, முளைவிட்டது. உன் பள்ளிக்கூடத்து விழாவில், உறவுக் கல்யாணங்களில், யாராவது கேமராவைத் தூக்கினால் அவர் எழுந்து போய்விடுவார். அதனால்தான் பீரோவில் ஒரு படம் இல்லை. ஏழுமலை எந்தக் கேஸிலும் மாட்டவில்லை. வயதாகி, நோயில் படுத்துப் போனார். அவர் படம் அவர்கள் கூடத்தில் பெரிதாக, மின்விளக்கு மாலையோடு தொங்குகிறது. நீயும் பார்த்திருப்பாய்.

உனக்குச் சீட்டு கிடைத்த அன்று நான் லட்டு வாங்கி வந்தேன். உங்கப்பா ஒன்றை எடுத்தார், கையிலேயே வைத்திருந்தார், கடைசியில் தட்டிலேயே திரும்ப வைத்தார். நீ அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்மேல் சந்தோஷமே கிடையாது என்றாய். அப்படி இல்லை. உனக்குக் கிடைத்தது நியாயமாகக் கிடைத்தது. அதைக் கேட்டு ரோட்டில் நின்றவர்களும், இருட்டில் கைகட்டி நின்றவர்களும் ஒரே ஆட்கள் என்பது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்தச் சீட்டைப் பற்றிப் பெருமைப்படு. யாராவது அதைக் கேலி பேசினால் பதில் சொல். ஆனால் அந்த வாரத்தைப் பற்றிப் பேசும்போது பாதியை மட்டும் பேசாதே.

இப்போது பாலைவனத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் அமாவாசை. விடியலுக்கு முன்னால் எழுப்பி மணல்மேட்டின் மேல் கூட்டிக்கொண்டு போனார்கள். மணல் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. ரேணு என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நெற்றியில் சின்ன சிவப்பு விளக்குதான் கட்டிக்கொள்ளலாம். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக வெகுநேரம் ஆகும். மூன்றுகால் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை மாதிரி ஆகிற வரைக்கும் லென்ஸைத் திருகச் சொன்னாள். ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்கலாம், அதைத் தாண்டினால் நட்சத்திரம் ஏன் கோடாகிறது என்று அவள் விளக்கினாள். உங்கப்பா எத்தனையோ சனிக்கிழமைகளில் பாறையில் நின்று தேடினது. அவள் அதை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். பட்டனை அழுத்தினேன். காத்திருந்தேன். திரையில் வந்தது. கிழக்கே மணலுக்கு மேலே பால் சிந்தின மாதிரி வானம். அத்தனையும் விழுந்திருந்தது.

மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. ரேணு சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவள் ஒரு வேடிக்கை காட்டினாள். என் கேமரா திறந்திருக்கும்போது எனக்கு எதிரே, மணல்மேட்டின் விளிம்பில் ஒரு பையனை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, அவள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள். படத்தில் அந்தப் பையன் கருப்பாக, தெளிவாக நின்றான். அவள் இல்லை. சுவடே இல்லை. "நின்றவர்கள்தான் விழுவார்கள் அம்மா, நகர்கிறவர்கள் காணாமல் போய்விடுவார்கள்" என்றாள். அன்றைக்குச் சன்னல் வெளிச்சத்தில் அந்த நெகட்டிவைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எரிகிற தெருவில் பெண்களும் பிள்ளைகளும் எங்கே என்று. அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதனால் விழவில்லை. தீ வைத்தவர்களும் ஓடியிருப்பார்கள். கைகட்டி நின்றவர்கள் மட்டும்தான் அதில் இருந்தார்கள். உங்கப்பாவும் நின்றவர்தான். கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அவர் விழவில்லை, அவ்வளவுதான். இது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடினமானது என்பதால் கடைசிக்கு வைத்தேன். இங்கே வருவதற்கு முன்னால் நான் அஞ்சலையைப் பார்க்கப் போனேன்.

அதே காலனிதான். இப்போது ஓட்டு வீடுகள். அவர் வாசலில் சாக்கைப் போட்டு மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். முடி பூராவும் நரைத்திருந்தது. ஸ்டூடியோக்காரர் வீட்டம்மா என்றதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அவரு போயிட்டாராமே. கேள்விப்பட்டேன். நல்ல மனுசன்" என்றார். எதிரிலேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம் விழுந்திருந்தது, அவர்தான் கொளுத்தினார், நான் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன் என்று சொன்னேன்.

அவர் கை நின்றது. "விழுந்துதா?" என்று மட்டும் கேட்டார்.

"விழுந்துது."

"கோர்ட்டுல எதிர்க்கட்சி வக்கீலு கேட்டான், போட்டோக்காரரு இருந்தாருங்கறியே, படம் எங்கன்னு. நான்தான் சொன்னேன், ராத்திரில படம் விழாதுங்க, அவரே சொன்னாருன்னு. எல்லாரும் சரின்னுட்டாங்க. கேஸும் நிக்கல." திரும்பவும் சோளத்தை உதிர்க்க ஆரம்பித்தார். "இப்ப எதுக்கு வந்து சொல்ற?"

"அவரு சொல்லாமயே போயிட்டாரு. எனக்கு மனசு கேக்கல."

"அதனால இத்த இங்க எறக்கி வெக்க வந்தியா? எங்க வெப்பேன் நானு?"

ஒரு கதிரை உதிர்த்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: "எங்க மாமனாரு பேரு இன்னான்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை, தம்பி. இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இரண்டு பேர் அந்த மனிதரை நினைத்து நினைத்துப் பேச்சு நின்று போய்க் கிடந்தோம். ஒருநாள்கூட அவர் பெயரை விசாரிக்கவில்லை.

"தெரியாதா? பேரே தெரியாமயா வந்த?" என்றார் அஞ்சலை. அதில் கோபம்கூட இல்லை. அப்புறம் அவரே சொன்னார். நான் எழுந்து வரும்போது போய் வா என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அவர் பெயர் பெரியான். கண் பார்வை இல்லாதவர். காது நன்றாகக் கேட்குமாம். ஓலையில் நெருப்பு பிடிக்கிற சத்தத்தை அந்தத் தெருவில் முதலில் கேட்டவர் அவர்தானாம். கத்திக் கத்தி எல்லாரையும் எழுப்பி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருக்கிறார். தன்னைத் தூக்க வந்த மருமகளிடம், "நீ கொழந்தைய எட்துனு ஓடு, எனக்கு வழி தெரியும்" என்றாராம்.

உன் அம்மா